வாசகர் கேள்வி-பதில்: பழைய இணைய விளையாட்டுக்குப் புதிய எஞ்சின் வேண்டுமா?

இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் ஒரே பொருளுக்கு. சென்ற மாதம் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், இணைய விளையாட்டு எதுவானாலும் பத்து வயதைத் தாண்டியதும் அதன் எஞ்சினை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்துவிடுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு நகரி, புத்தூர், சித்தூர், சத்தியவேடு என்று ஆந்திர எல்லையோரத்திலிருந்தும், இந்தப் பக்கம் திருத்தணியிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பத்துக்கு ஆறு விசைத்தறிகள் இருக்கின்றன. பகலெல்லாம் தறி, இரவில் 12 ஆண்டுகளாக ஒரே இணைய விளையாட்டு. தமிழும் தெலுங்கும் பேசுகிற நாற்பது பேர் ஒரு குழுவாக ஆடிக்கொண்டிருந்தோம். இப்போது பதினொரு பேர்தான் மிச்சம். விளையாட்டு பழைய எஞ்சினில் ஓடுவதால்தான் ஆட்கள் போய்விட்டார்கள் என்றும், தறி மோட்டாரை மாற்றுவது போல எஞ்சினை மாற்றினால் அது பிழைத்துக்கொள்ளும் என்றும் நான் சொல்கிறேன். மாற்றினால் விளையாட்டே கெட்டுவிடும் என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?
— ஒரு நெசவாளர், ஏகாம்பரகுப்பம்

பதில்: உங்கள் தம்பி சொல்வதில்தான் உண்மையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆனாலும் உங்கள் பக்கத்தையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எஞ்சின் என்ற சொல்லைக் கேட்டதும் லாரியும் மோட்டாரும் நம் நினைவுக்கு வருகின்றன. கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினால் வண்டி மறுபடி ஓடும் என்று மனம் சொல்கிறது. விளையாட்டின் எஞ்சின் அப்படித் தனியாக நிற்கிற உறுப்பு இல்லை. திரையில் படம் வரைவது, ஓடுகிற உருவம் சுவரில் மோதியதா என்று கணக்கிடுவது, ஒலியை எழுப்புவது, நீங்கள் விசையை அழுத்தியதைத் தொலைவில் இருந்து விளையாட்டை நடத்தும் சர்வர் என்ற கணினிக்குச் சொல்வது, மற்ற ஆட்டக்காரர்கள் செய்ததை அங்கிருந்து வாங்கி உங்கள் திரையில் சேர்ப்பது ஆகிய எல்லாம் எஞ்சினின் வேலை. இவற்றோடு, வரைபடங்களையும் உருவங்களையும் செய்கிற கலைஞர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்கிற கருவிகளும் அதில் அடக்கம். உங்கள் உவமையிலேயே சொன்னால், எஞ்சின் என்பது தறியின் மோட்டார் ஆகாது. இழைகள் நுழைந்து வரும் விழுதும் அச்சும், ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடாவும் சேர்ந்த தறி முழுவதும்தான் எஞ்சின்.

இதை எழுதுவதற்கு முன் நகரியில் எனக்குத் தெரிந்த ஒரு தறிக்கூடத்துக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்துபோன தறியில் ஒரு பெரியவர் புதிய பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். விரல்நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய பாவில் ஓர் இழை, புதிய பாவில் ஓர் இழை என எடுத்துச் சேர்த்து ஒரே திருகாகத் திருகிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி. பழைய இழைகள் ஏற்கெனவே விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் நுழைந்து நிற்பதால், பிணைத்து முடித்து மெல்ல இழுத்தாலே புதிய இழைகள் தத்தம் இடத்துக்கு வந்துவிடுகின்றன. அச்சையே மாற்றுவதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேலையை நிறுத்தாமலே, “அப்ப ஒவ்வொரு இழையையும் மொதல்லேர்ந்து கோக்கணும் சார், அது வேற வேலை” என்றார்.

12 ஆண்டுகளாக உங்கள் விளையாட்டில் சேர்ந்திருக்கிற ஊர்கள், ஆயுதங்கள், உடைகள், பணிகள், அரக்கர்கள் எல்லாம் அந்தப் பழைய அச்சின் வழியாகக் கோக்கப்பட்ட இழைகள். எஞ்சினை மாற்றினால் அத்தனையையும் மறுபடி கோக்க வேண்டும். அதற்கு ஆகும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிறுவனம் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தர இயலாமல் போகலாம். மிச்சமிருக்கும் பதினொரு பேரும் அதுவரை காத்திருப்பார்களா என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

உழைப்பும் செலவும் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிற காரணம் வேறு. பழைய எஞ்சினுக்குள் யாரும் திட்டமிட்டு வைக்காத சில குணங்கள் இருக்கின்றன. ஆட்டக்காரர்களின் கைப்பழக்கம் வளர்ந்தது அவற்றின் மேல்தான். 1999-இல் வந்த குவேக் 3 விளையாட்டில், கணினி நொடிக்கு 125 படங்கள் வரைந்தால் உருவம் வழக்கத்தைவிடச் சற்று உயரமாகத் தாவும். கணக்கிடும்போது எண்கள் முழுமையாக்கப்படுவதில் நேர்ந்த சிறு பிசகுதான் அதற்குக் காரணம். ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் அந்த 125-ஐயே பிடித்துக்கொண்டார்கள், வரைபடங்களில் எங்கிருந்து எங்கே தாவலாம் என்ற அறிவே அதன் மேல் கட்டப்பட்டது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் பிஸ்டன் என்ற கட்டைக்கு நேரடியாக மின்சாரம் வராவிட்டாலும், அதற்கு மேலே உள்ள இடத்துக்கு வந்தாலே போதும், அது இயங்கும். பிழை போலத் தோன்றுகிற இந்தக் குணத்தை நம்பி எத்தனையோ பேர் எத்தனையோ பொறிகளைக் கட்டியிருக்கிறார்கள். அதே விளையாட்டு வேறு மொழியில் புதிதாக எழுதப்பட்டு பெட்ராக் பதிப்பாக வந்தபோது இந்தக் குணம் அதில் இல்லை. ஆகவே ஒன்றில் ஓடுகிற பொறி மற்றொன்றில் ஓடாது.

ரூன்ஸ்கேப்பின் கதை இன்னும் தெளிவானது. 2001-இல் தொடங்கிய அந்த விளையாட்டை நிறுவனம் படிப்படியாக மாற்றிக்கொண்டே வந்தது. பழைய ஆட்டம் வேண்டும் என்ற குரல் ஓயாததால் 2013-இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஒரு நகலைத் தூசி தட்டி, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் திறந்தார்கள். அதன் சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் உலகத்தை நகர்த்துகிறது. இன்றைய கணக்குப்படி அது ஆமை வேகம். ஆனால் அந்தத் துடிப்புக்கு ஏற்பத் தாளம் பிடித்து விசையை அழுத்துவதே அங்கே தேர்ச்சியின் உச்சமாக வளர்ந்திருக்கிறது. அந்தத் துடிப்பை வேகப்படுத்தினால் பல்லாண்டுகள் பயின்ற கைகளுக்கு அந்த விளையாட்டு அந்நியமாகிவிடும். உங்கள் தம்பி அஞ்சுவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன், அந்த அச்சம் நியாயமானது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். எஞ்சினின் வயதே நோவாகிற இடங்களும் உண்டு. 2004-இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஆட்டக்காரரின் முதுகுப்பையில் 16 இடங்கள் மட்டுமே இருந்தன. அதைப் பெரிதாக்குங்கள் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். அந்தப் பதினாறு என்ற எண் நிரலின் ஆழத்தில் பல இடங்களில் பின்னிக் கிடந்ததால், தொட்டால் ஆட்டக்காரர்களின் பொருள்களே காணாமல் போகலாம் என்று நிறுவனத்தார் அஞ்சினார்கள். கடைசியில் 2018-இல்தான் நான்கு இடங்கள் கூடின, அதுவும் கணக்குக்குக் கூடுதல் பாதுகாப்பு போட்டவர்களுக்கு. ஒரு பைக்கு நான்கு அறைகள் சேர்க்க பதினான்கு ஆண்டுகள்!

விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைன் 2003-இல் தொடங்கியது. அதில் ஒரு சூரிய மண்டலத்தில் நடப்பது முழுவதையும் சர்வரின் கணக்கிடும் சிப்பில் உள்ள ஒரே ஒரு மையம்தான் (கோர்) சுமக்க வேண்டும். எழுதப்பட்ட மொழியும் முறையும் அப்படி. ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் மோதினால் அது மூச்சுத் திணறும். எஞ்சினைத் தூக்கியெறியாமல் அவர்கள் கண்ட வழி, விளையாட்டுக்குள் காலத்தையே மெதுவாக்குவது: கூட்டம் கூடக் கூட ஆட்டத்தின் கடிகாரம் பத்தில் ஒரு பங்கு வேகம் வரை இறங்கும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த போரில் ஆட்டக்காரர்களின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் பங்கெடுத்தன. அது ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீண்டதற்கு இந்த மெதுவாக்கமும் ஒரு காரணம். குறையை மறைக்காமல் அதையே ஒரு விதியாக்கி, எல்லாருக்கும் சமமாகப் பொருந்தச் செய்த அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே உங்கள் விளையாட்டில் நோவு எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழுவை விட்டுப் போன இருபத்தொன்பது பேரில் எத்தனை பேரிடம் காரணம் கேட்டீர்கள்? திருமணம், வேலை, சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்தது, கைபேசி விளையாட்டுக்கு மாறியது ஆகியவைதான் காரணங்கள் என்றால் எந்த எஞ்சினும் அவர்களைத் திருப்பி அழைத்துவராது. அதற்கு மாறாக, ஒவ்வொரு அப்டேட்டும் ஒன்றைச் சரிசெய்து வேறு இரண்டைக் கெடுக்கிறது, சிறிய வசதியைக் கேட்டாலும் “எங்கள் அமைப்பில் அது முடியாது” என்றே பதில் வருகிறது, புதிய விண்டோஸில் திறக்கவே மறுக்கிறது என்பவை உங்கள் குறைகளானால், அவை எஞ்சினின் மூப்பைக் காட்டும் அடையாளங்கள்தான். அப்போதும் முழுத் தறியையும் மாற்றச் சொல்ல மாட்டேன். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டே தன் எஞ்சினைத் துண்டு துண்டாகத்தான் புதுப்பித்துக்கொண்டது; விண்டோஸில் விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்பு 2018-இல் வந்து சேர்ந்தது அப்படித்தான். 2007-இல் பிறந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கு, கணினியின் நினைவகத்தை அதிகம் பயன்படுத்த உதவும் 64-பிட் வசதி 2024-இல் கிடைத்தது. கெட்டுப்போன விழுதை மட்டும் மாற்றி, பாவைப் பிணைத்துக்கொண்டு தறியை ஓட்டுவது உங்களுக்குத் தெரிந்த வேலைதானே.

கேள்வி: எஞ்சினை மாற்றினால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் கவுன்டர்-ஸ்டிரைக் மாறியது, ஃபோர்ட்நைட் மாறியது, இரண்டும் இன்றும் நன்றாகத்தானே ஓடுகின்றன?
— கல்லூரி மாணவர், புத்தூர்

பதில்: மாறின, ஓடுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் மாறியவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். அன்ரியல் எஞ்சினை எழுதுகிற எபிக் நிறுவனமே ஃபோர்ட்நைட்டை நடத்துகிறது. 2021 டிசம்பரில் அது நான்காம் தலைமுறையிலிருந்து ஐந்தாம் தலைமுறைக்கு மாறியபோது, எஞ்சின் எழுதியவர்களும் விளையாட்டு செய்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கவுன்டர்-ஸ்டிரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனமும் அப்படியே: சோர்ஸ், சோர்ஸ் 2 என்ற எஞ்சின்கள் இரண்டும் அவர்களுடையவை. 2015-இலேயே டோட்டா 2 என்ற தங்கள் விளையாட்டை சோர்ஸ் 2-க்கு மாற்றிப் பழகிவிட்டு, எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் கவுன்டர்-ஸ்டிரைக்கைத் தொட்டார்கள். இந்தப் பரம்பரையையும் பாருங்கள். 1996-இன் குவேக் எஞ்சினிலிருந்து கோல்டுசோர்ஸ், அதிலிருந்து சோர்ஸ், அதிலிருந்து சோர்ஸ் 2. எல்லாம் மகன், பேரன் முறை. நம் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த கவுன்டர்-ஸ்டிரைக் 1.6 பதிப்பில் பழகிய கை, இன்றைய ஆட்டத்திலும் அரை நாளில் வழிகண்டுகொள்வது அதனால்தான்.

அப்படிப்பட்ட வால்வுக்கே மாற்றம் வலித்தது. 2012 ஆகஸ்டில் வந்த கவுன்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ், 2023 செப்டம்பர் 27 அன்று கவுன்டர்-ஸ்டிரைக் 2-ஆக மாறியபோது மேக் கணினிகளும், டைரக்ட்எக்ஸ் 9 மட்டும் தெரிந்த பழைய கிராபிக்ஸ் கார்டுகளும், 32-பிட் விண்டோஸும் வெளியே நின்றன. ஆர்ம்ஸ் ரேஸ் என்ற ஆட்டமுறை பல மாதம் கழித்தே திரும்பி வந்தது. டேஞ்சர் சோன் என்ற மற்றோர் ஆட்டமுறை அதோடு போனது. புகைக்குண்டின் புகை இப்போது அறையின் வடிவத்துக்கேற்ப நிறைகிறது, குண்டு பாய்ந்தால் ஒரு கணம் விலகுகிறது; அது ஆட்டத்தின் யுக்தியையே மாற்றிய அழகான சேர்க்கை, பழைய எஞ்சினில் அதை எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் சுடும் கணத்தைச் சர்வர் துல்லியமாகப் பதிவு செய்யும் புதிய முறை வந்தபோது, குதிப்பதும் நிற்பதும் முன்போல் இல்லை என்ற குறையும் உடன் வந்தது. ஆட்டக்காரர்கள் விலை கொடுத்து வாங்கிய துப்பாக்கி அலங்காரங்களை அப்படியே புதிய விளையாட்டுக்குக் கொண்டுவந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதில் கைவைத்திருந்தால் எவ்வளவு அழகான புகையும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

எஞ்சினை மாற்றியே தீர வேண்டிய நிலை எப்படி இருக்கும் என்பதற்கு ஃபைனல் ஃபேண்டசி 14-ஐத்தான் சொல்வேன். 2010 செப்டம்பரில் வெளியான அந்த விளையாட்டு அத்தனை பேரின் கண்டனத்துக்கும் ஆளானது. காட்சியின் அழகுக்காகச் செய்யப்பட்ட எஞ்சின் அது. ஓர் ஓரத்தில் கிடக்கும் பூந்தொட்டிக்குக்கூட ஆட்டக்காரரின் உருவத்துக்கு இணையான நுணுக்கம் கொடுத்திருந்தார்கள். திரையில் இருபது பேர் சேர்ந்தால் கணினி என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, பழைய விளையாட்டைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே பின்னால் புதியதை எழுதச் செய்தார். 2012 நவம்பர் 11 அன்று பழைய உலகத்தின் மேல் ஒரு நிலவு விழுவதாகக் கதையை அமைத்து, அந்தக் காட்சியோடு சர்வரை நிறுத்தினார்கள். 2013 ஆகஸ்டில் புதிய எஞ்சினோடு விளையாட்டு மறுபடி பிறந்தது. ஆனால் அவர்கள் இடித்துக் கட்டியது இரண்டே வயதான வீட்டை. அதில் ஆட்டக்காரர்கள் விட்டுக்கொடுக்க விரும்பாத பழக்கங்கள் அதிகம் சேர்ந்திருக்கவில்லை. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆனதற்கு அந்த உதாரணத்தை அப்படியே பொருத்துவது தவறு.

கேள்வி: என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் விளையாடும் விளையாட்டு புதிய எஞ்சினுக்கு மாறப்போகிறதாம். அதற்கு 35,000 ரூபாயில் கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தர வேண்டும் என்கிறான். உண்மைதானா, இல்லை சாக்குச் சொல்கிறானா?
— ஒரு தாய், திருத்தணி

பதில்: சாக்கு என்று சொல்ல மாட்டேன் அம்மா. எஞ்சின் மாறும்போது பழைய கணினிகள் கைவிடப்படுவது உண்மையாகவே நடக்கிறது. மேலே கவுன்டர்-ஸ்டிரைக் பற்றி எழுதியதை நீங்களே பாருங்கள். விளையாட்டு மாறாவிட்டாலும் அடியில் இருப்பவை மாறிவிடுகின்றன. விளையாட்டுகளை வாங்கி நிறுவ உதவும் ஸ்டீம் செயலி 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐயும் 8-ஐயும் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது.

ஆனாலும் இப்போது வாங்க வேண்டாம். மாறப்போகிறது என்ற அறிவிப்புக்கும் மாறுகிற நாளுக்கும் இடையில் ஆண்டுகள் கழிவதுண்டு, நடுவில் திட்டமே கைவிடப்படுவதும் உண்டு. வெளியாகும் சமயத்தில் குறைந்தபட்சம் என்ன கணினி தேவை என்று நிறுவனமே பட்டியல் வெளியிடும். அந்தப் பட்டியலை உங்கள் மகன் கொண்டுவந்து காட்டட்டும். அதற்குள் கார்டுகளின் விலையும் இறங்கியிருக்கலாம்.

இன்னொன்று, வீட்டில் இருப்பது மடிக்கணினியா, மேசைக்கணினியா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் கார்டை மாற்றவே முடியாது. மேசைக்கணினி என்றாலும், பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் புதிய கார்டுக்குப் போதுமான மின்சாரம் தருமா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு மறுபடி செலவு செய்தவர்களை நான் அறிவேன். வட்டு இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால், அதற்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போடுங்கள். அது அவனுடைய படிப்புக்கும் உதவும், விளையாட்டும் விரைவாகத் திறக்கும், செலவும் மிகக் குறைவு. அவன் கேட்டதில் ஒரு பகுதியையாவது செய்தோம் என்ற நிறைவு உங்கள் இருவருக்கும் இருக்கும்.

கேள்வி: அன்ரியல், யூனிட்டி போன்ற ஆயத்த எஞ்சின்கள் கிடைக்கும்போது நிறுவனங்கள் ஏன் தங்கள் பழைய சொந்த எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?
— மென்பொருள் துறையில் வேலை தேடுபவர், சித்தூர்

பதில்: உங்கள் கேள்வியில் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. நீங்களே நாளை வேலைக்குச் சேர்ந்தால், அன்ரியல் தெரிந்தவராக முதல் வாரத்திலேயே வேலை செய்யத் தொடங்கலாம். யாரோ இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய சொந்த எஞ்சின் என்றால், அதன் போக்கைப் புரிந்துகொள்ளவே பல மாதங்கள் ஆகும், எழுதியவரும் வேலையை விட்டுப் போயிருப்பார். நிறுவனங்களை ஆயத்த எஞ்சின்களின் பக்கம் தள்ளுவதில் படத்தின் அழகைவிட இந்த ஆள் பற்றாக்குறைக்கே பெரிய பங்கு என்பது என் கருத்து.

ஆனால் வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். அன்ரியலில் செய்த விளையாட்டு பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டினால், அதற்கு மேற்பட்ட வருவாயில் பொதுவாக 5 விழுக்காடு எபிக்குக்குப் போகும் என்பது 2020-இல் வந்த ஏற்பாடு. அதாவது முன்கூட்டியே தெரிந்த வாடகை. யூனிட்டி 2023 செப்டம்பரில் செய்தது வேறு: குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய விளையாட்டுகள் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் உண்டு என்று திடீரென அறிவித்தது. ஏற்கெனவே வெளியான விளையாட்டுகளும் அதற்குள் வரும் என்றதும் உலகமெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களில் விதிகளைத் தளர்த்தினார்கள், ஓராண்டு கழித்து அந்தக் கட்டணத்தையே கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான், ஆனால் இன்னும் பத்து ஆண்டுகள் ஓட வேண்டிய இணைய விளையாட்டை நடத்துகிறவருக்கு அந்த ஓராண்டில் தூக்கம் வந்திருக்காது. மேலும், ஆயத்த எஞ்சின் எல்லா வகை ஆட்டத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. ஈவ் போல ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் சேர்க்கிற சர்வர் பகுதி அதில் தயாராக இருப்பதில்லை. அதை நீங்களேதான் எழுதியாக வேண்டும். கடினமான பாதி மாறாமல் அங்கேயே இருக்கும்.

கேள்வி: இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் விளையாட்டு இழுத்து இழுத்து ஓடுகிறது. சுட்டால் அரை நொடி கழித்துத்தான் படுகிறது. எஞ்சின் பழையதாகிவிட்டது என்பதற்கு இது சான்றில்லையா?
— சத்தியவேட்டிலிருந்து இரு நண்பர்கள்

பதில்: சான்றில்லை. பகலில் நன்றாக ஓடி இரவில் மட்டும் இழுக்கிறது என்றால் எஞ்சின் பகலிலும் அதே எஞ்சின்தான். ஊரெல்லாம் வீடு திரும்பிப் படம் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் இணையக் கம்பியில் கூடும் நெரிசலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லிநொடி. லண்டன் என்றால் எண்பதைத் தாண்டும். உலகின் எந்த எஞ்சினாலும் இதைக் குறைக்க முடியாது. அதனால் உங்கள் விளையாட்டுக்குச் சென்னையிலோ மும்பையிலோ சர்வர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வால்வின் விளையாட்டுகளுக்கு இரண்டு ஊர்களிலும் உண்டு.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, கணினியில் கட்டளை எழுதும் கருப்புத் திரையைத் திறந்து ஒரு சர்வருக்குத் தொடர்ந்து பிங், அதாவது போய்வர ஆகும் நேரத்தை மில்லிநொடியில் காட்டும் சிறு சோதனைச் செய்தி, அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 38, 41, 39 என்று வந்துகொண்டிருந்த எண்கள் திடீரென்று 310, 290, 340 என்று ஏறின. என்னவென்று எழுந்து போய்ப் பார்த்தால், அடுத்த அறையில் மருமகள் ஒரு வளைகாப்பு வீடியோவை உறவினர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அது அனுப்பி முடிந்ததும் எண் மறுபடி நாற்பதுக்கு இறங்கிவிட்டது. பெரிய கோப்பு ஒன்று மேலே போகும்போது ரவுட்டரில் வரிசை நீண்டுவிடுகிறது. விளையாட்டின் சின்னஞ்சிறு செய்திகள் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கின்றன. அந்த வாரமே வைஃபையை விட்டுவிட்டு என் கணினிக்கு ரவுட்டரிலிருந்து நேராக ஒரு கம்பி இழுத்தேன். ரவுட்டரின் அமைப்பில் மேலேற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பும் போட்டேன். அதற்குப் பிறகு வீடியோ அனுப்பும்போதும் எண் எழுபதைத் தாண்டவில்லை.

நீங்கள் இருவரும் தனித்தனி வீடுகளில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே இரவில், ஒரே சர்வருக்கு, எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பத்து நிமிடம் பிங் அனுப்பி எண்களை எழுதி வையுங்கள். ஒருவர் வீட்டில் மட்டும் ஏறினால் குறை அந்த வீட்டில் இருக்கிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஏறி, இருவருக்கும் ஒரே நிறுவனத்தின் இணைப்பு என்றால் குறை அந்த இணைப்பில் இருக்கலாம். எண்கள் இரண்டு வீட்டிலும் அசையாமல் நின்று, அப்போதும் ஆட்டம் இழுத்தால் விளையாட்டின் சர்வரையும் எஞ்சினையும் சந்தேகிக்கலாம். அந்தக் குறிப்புகளை விளையாட்டின் பெயரோடு எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.